நிலத்தின் போர்வை மக்குமா, உதிருமா?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பேருந்தில் செல்லும்போது சாலையின் இருபுறமும் உள்ள தக்காளி, மிளகாய், தர்ப்பூசணித் தோட்டங்களை நீங்கள் கவனித்திருக்கலாம். மேட்டுப்பாத்திகள் மண்ணாகத் தெரியாமல், வெள்ளி நிற நாடாக்களாக வெயிலில் பளபளக்கும். நாடாவில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு செடி தலை நீட்டிக்கொண்டிருக்கும். விவசாயிகள் இதை ‘மல்ச்சிங் ஷீட்’ என்கின்றனர். வேளாண்மை நூல்களில் ‘நிலப்போர்வை’ என்று எழுதுவார்கள். வைக்கோல், சருகு, கரும்புத் தோகை முதலியவற்றை மண்மேல் பரப்பினால் அதற்கு ‘மூடாக்கு’ என்று பெயர். பொருள் வேறானாலும் வேலை ஒன்றுதான்.

இந்தப் பளபளக்கும் போர்வை அறுவடைக்குப் பின் எங்கே போகிறது? அண்மைக் காலமாக ‘மக்கும் ஷீட்’ என்ற பெயரில் சில விரிப்புகள் பேசப்படுகின்றனவே, அவை உண்மையாகவே மக்குகின்றனவா, அல்லது பொடியாகி நம் பார்வையிலிருந்து மறைகின்றனவா? மக்குவது வேறு, உதிர்வது வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் விரிப்பு வாங்குகிறவர், பத்து ஆண்டுகள் கழித்துத் தம் நிலத்தில் என்ன கிடக்கும் என்று தெரியாமலே வாங்குகிறார்.

போர்வை செய்யும் வேலை

முதலில், நிலத்தை ஏன் மூட வேண்டும் என்று பார்ப்போம். காட்டில் மண் ஒருபோதும் வெறுமையாகக் கிடப்பதில்லை. உதிர்ந்த இலைகள் அதை மூடியிருக்கும். கோடையிலும் அந்தச் சருகை விலக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் இருக்கும். உழுது சுத்தமாக்கிய வயலிலோ வெயிலும் காற்றும் நேரே மண்ணைத் தாக்குகின்றன. நாம் பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி பயிரின் வேருக்குப் போகாமல் மண்ணின் மேற்பரப்பிலிருந்தே ஆவியாகிவிடுகிறது. நிலத்தை மூடினால் இந்த இழப்பு குறையும். ஒளி படாததால் களை விதைகள் முளைத்தாலும் பிழைக்க மாட்டா. மழைத்துளி மண்ணை அடித்துக் கரைக்காது. காய்கள் ஈர மண்ணில் படிந்து அழுகுவதும் குறையும்.

பிளாஸ்டிக் விரிப்புக்கு இன்னொரு திறமையும் உண்டு. அதன் மேற்புறம் வெள்ளி நிறமாகவும் அடிப்புறம் கறுப்பாகவும் இருப்பது அழகுக்காக அன்று. கறுப்பு, ஒளியைத் தடுத்துக் களையைக் கொல்கிறது. வெள்ளி, வெயிலைத் திருப்பி அனுப்பி மண் அதிகம் சூடாகாமல் காக்கிறது. அவ்வாறு கீழிருந்து மேலே எழும் ஒளி அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் போன்ற பூச்சிகளின் திசையறிவைக் குழப்புவதால் அவை செடியில் வந்து அமர்வதும் குறைகிறது. பயிர்களில் நச்சுயிர் நோய்களைப் பரப்புகிறவை இந்தப் பூச்சிகள்தாம் என்பதால் இது சிறிய நன்மையன்று. சொட்டு நீர்க் குழாயை அடியில் ஓட்டி மேலே விரிப்பைப் போர்த்திவிட்டால் களையெடுக்கும் கூலி பெருமளவு மிச்சம். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் விவசாயி இதை நாடுவதில் வியப்பில்லை.

ஒரு சிறு கணக்கு

நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. காய்கறிப் பயிருக்குப் பயன்படும் விரிப்பின் தடிமன் சுமார் 25 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. பாலித்தீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம். ஆகவே ஒரு சதுர மீட்டர் விரிப்பின் எடை 23 கிராம்தான். 1.2 மீட்டர் அகலமும் 400 மீட்டர் நீளமும் கொண்ட சுருள்கள் ஒரு ஏக்கருக்கு ஆறு தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 2,880 சதுர மீட்டர். எடை ஏறத்தாழ 66 கிலோ.

இதே வேலையை வைக்கோலைக் கொண்டு செய்ய வேண்டுமானால் ஏக்கருக்குச் சுமார் 2 டன் வேண்டும். முப்பது மடங்கு! மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ ஏற்றி, இறக்கி, பரப்ப வேண்டிய 2 டன்னை, இரண்டு பேர் தூக்கி வரக்கூடிய ஆறு சுருள்கள் ஈடு செய்துவிடுகின்றன. பிளாஸ்டிக்கின் வெற்றி இதில்தான் இருக்கிறது. அதை மறந்துவிட்டு, ‘பழைய முறைக்குத் திரும்புங்கள்’ என்று விவசாயிக்கு உபதேசம் செய்வது எளிது, பயன் தராது.

ஆனால் கணக்கின் மறுபாதியும் உண்டு. நான்கைந்து மாதம் வெயிலில் கிடந்த விரிப்பு, நைந்த துணி போல் ஆகிவிடுகிறது. பிடித்து இழுத்தால் கிழிகிறது. பாத்தியின் ஓரங்களில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க மண்ணுக்குள் புதைத்த பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. பிடுங்கி எடுத்ததிலும் மண்ணும் வேரும் ஒட்டியிருக்கும். சில வேளைகளில் ஒட்டிய மண்ணின் எடை பிளாஸ்டிக்கின் எடையையே மிஞ்சிவிடும். கழுவிக் காயவைத்து மறுசுழற்சிக்குக் கொடுப்பது கட்டுபடியாகாது என்று பழைய பொருள் வியாபாரி ஒதுக்கிவிடுவார். முடிவு என்ன? வரப்போரம் ஒரு குவியல், ஒரு தீக்குச்சி. எஞ்சியதை அடுத்த பருவத்தில் ரோட்டவேட்டர் பொடிப்பொடியாக நறுக்கி மண்ணில் கலந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு மட்டுமே மண்ணில் தங்குவதாகக் கொண்டாலும் பருவத்துக்கு 3 கிலோவுக்கு மேல் சேரும்.

காகிதத்தில் தொடங்கியது

தொழிற்சாலையில் செய்த விரிப்பால் நிலத்தைப் போர்த்தும் வழக்கம் பிளாஸ்டிக்கில் தொடங்கவில்லை. 1914ஆம் ஆண்டு ஹவாய்த் தீவில், ஓலா என்ற இடத்தில் இருந்த கரும்புத் தோட்டத்தில் சார்லஸ் எக்கார்ட் என்பவர் தார் ஏற்றிய காகிதத்தைக் கரும்பு வரிசைகளின் மேல் விரித்துப் பார்த்தார். கரும்பின் முளை ஈட்டி போலக் கூர்மையானது. அது காகிதத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். களையின் மெல்லிய முளைக்கு அந்த வலிமை இல்லை, அடியிலேயே மடியும். கரும்பைவிட அன்னாசித் தோட்டக்காரர்கள் இந்த முறையை ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டனர். காகிதம் பின்னர் மண்ணோடு மண்ணாகப் போயிற்று. ஆனால் அது விலை கூடியது, கனமானது, மழையிலும் காற்றிலும் எளிதில் கிழிவது.

இதற்கிடையே 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், பெரும் அழுத்தத்தில் வாயுக்களை வைத்துச் செய்த சோதனை ஒன்றில், எதிர்பாராத விதமாக ஒரு வெள்ளை மெழுகுப் பொருள் கிடைத்தது. அதுதான் பாலித்தீன். போர்க்காலத்தில் மின்கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட அது, போர் முடிந்ததும் மெல்லிய தாளாகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்மர்ட், கண்ணாடி வாங்கப் பணம் போதாத நிலையில் பிளாஸ்டிக் தாளைக் கொண்டு 1948இல் பசுமைக்குடில் அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதே தாளை நிலத்தின் மேலும் விரித்துச் சோதித்தார். காகிதம் பின்வாங்கியது, பாலித்தீன் உலகைச் சுற்றத் தொடங்கியது.

வேறெந்த நாட்டையும்விட இதை மிகுதியாகப் பயன்படுத்தியது சீனா. 1978இல் ஜப்பானிடமிருந்து இந்த முறையைப் பெற்ற அந்நாடு, 2015 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் டன் விரிப்பைச் சுமார் 180 லட்சம் ஹெக்டேரில் பரப்பிக்கொண்டிருந்தது. நீர்ப் பற்றாக்குறையும் குளிரும் உள்ள வடமேற்குப் பகுதிகளில் விளைச்சல் கணிசமாக உயர்ந்தது உண்மை. ஆனால் செலவைக் குறைக்க விரிப்பை மேலும் மேலும் மெல்லியதாக்கினார்கள். 8 மைக்ரானும் அதற்குக் குறைவும்கூடப் புழக்கத்தில் இருந்தது. அவ்வளவு மெல்லிய தாளை யாரால் பிடுங்கி எடுக்க முடியும்? சின்ஜியாங் மாநிலத்தின் பருத்தி வயல்கள் சிலவற்றில் ஹெக்டேருக்கு 200 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் எச்சம் தேங்கியது. வேர் ஓடுவதற்கும் நீர் இறங்குவதற்கும் அது இடையூறாயிற்று. காற்றில் பறந்து மரங்களிலும் வேலிகளிலும் தொங்கிய துண்டுகளைக் கண்டு மக்கள் இதற்கு ‘வெண்மாசு’ என்றே பெயர் வைத்தனர். 2018 முதல் நடைமுறைக்கு வந்த விதி, விரிப்பு குறைந்தது 10 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்கிறது. மெல்லியது குறைந்த பிளாஸ்டிக், ஆகவே நல்லது என்று நமக்குத் தோன்றும். உண்மை நேர்மாறானது. தடித்த தாளை முழுசாக எடுத்துவிடலாம். மெல்லியது நிலத்திலேயே தங்கிவிடும்.

மக்குதல் என்றால் என்ன?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓர் இலை மக்கும்போது என்ன நிகழ்கிறது? மண்ணிலுள்ள பூசணங்களும் பாக்டீரியாக்களும் நொதிகளைச் சுரந்து இலையின் பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. அந்தச் சிறு துண்டுகள் நுண்ணுயிரின் உடலுக்குள் செல்கின்றன. அங்கே ஒரு பகுதி எரிக்கப்பட்டுக் கார்பன் டை ஆக்சைடாக வெளிவருகிறது. ஒரு பகுதி அந்த உயிரின் உடலாகவே மாறுகிறது. சுருங்கச் சொன்னால், மக்குதல் என்பது உண்ணப்படுதல். கண்ணுக்குத் தெரியாமற் போவது அதன் விளைவுகளில் ஒன்றே தவிர, அதுவே மக்குதல் ஆகாது.

பாலித்தீன் ஏன் உண்ணப்படுவதில்லை? அதன் மூலக்கூறு கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. மெழுகுவத்தியின் மெழுகும் இதே வகைச் சங்கிலிதான்; ஆனால் மிகக் குட்டையானது. மெழுகைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. பாலித்தீன் சங்கிலியோ உள்ளே இழுக்க முடியாத அளவுக்கு நீளம். நீரின் துணையோடு நொதிகள் வெட்டுவதற்கு ஏற்ற இணைப்பு அதில் எங்கும் இல்லை. பூட்டே இல்லாத இரும்புப் பெட்டிக்குச் சாவி எதற்கு உதவும்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு குறுக்கு வழியைச் சிலர் கண்டுபிடித்தார்கள். பாலித்தீனோடு மாங்கனீஸ், கோபால்ட், இரும்பு போன்ற உலோகங்களின் உப்புகளைச் சிறிதளவு கலந்தால், வெயில் பட்டதும் அது விரைவாக நொறுங்கத் தொடங்கும். சில மாதங்களில் நிலத்தின் மேல் விரிப்பு இருந்த அடையாளமே தெரியாது. ‘ஆக்சோ’ வகை என்று இதைச் சொல்வார்கள். பார்ப்பவருக்கு இது மக்கியது போலவே தோன்றும். ஆனால் மண்ணை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பாலித்தீன் பாலித்தீனாகவே, துகள் வடிவில் இருக்கும். முன்பு கையால் பொறுக்க முடிந்த குப்பையை, இனி யாராலும் பொறுக்க முடியாத குப்பையாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பொருள்களை 2021 ஜூலை முதல் சந்தையில் விற்பதற்கே தடை விதித்துவிட்டது.

உண்மையில் மக்கும் விரிப்புகள் வேறு வேதியியலைச் சேர்ந்தவை. அவற்றின் சங்கிலியில் இடையிடையே ‘எஸ்டர்’ என்ற இணைப்பு உண்டு. தேங்காய் எண்ணெயிலும் ஆமணக்கெண்ணெயிலும் உள்ள அதே வகை இணைப்புத்தான் அது. இன்று மக்கும் விரிப்புகளில் பரவலாகப் பயன்படும் பொருளின் பெயர் பி.பி.ஏ.டி. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1998இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரும்பாலும் இதனுடன் மாவுச்சத்தையோ பி.எல்.ஏ. என்ற மற்றொரு பொருளையோ கலந்து தாளாக்குகிறார்கள்.

நேற்று மனிதன் ஆலையில் செய்த பொருளை உண்ண மண்ணிலுள்ள பூசணம் எங்கே கற்றுக்கொண்டது? இதன் விடை சுவையானது. தாவர இலைகளின் மேல்தோலை ஒரு மெல்லிய காப்புப் படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலத்தின் முதன்மையான பொருள் ‘கியூட்டின்’. அதுவும் எஸ்டர் இணைப்புகளால் ஆன பாலியெஸ்டர்தான்! இலையைத் தாக்கும் பூசணங்கள் கியூட்டினை வெட்டும் நொதியைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுரந்து வருகின்றன. அந்தப் பழைய சாவி இந்தப் புதிய பூட்டிலும் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்று எப்படித் தெரியும்? சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் அந்நாட்டின் நீரியல் ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. சாதாரணக் கார்பனைவிடச் சற்றே கனமான கார்பன்-13 என்ற ஓரகத் தனிமத்தை அடையாளமாக வைத்துப் பி.பி.ஏ.டி. தாளைச் செய்தார்கள். அந்தச் சங்கிலி மூன்று வகை உறுப்புகளால் ஆனது. ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் உறுப்புக்கு மட்டும் அடையாளம். தாள்களை மண்ணில் ஆறு வாரம் புதைத்து வைத்தார்கள். மண்ணிலிருந்து வெளியேறிய கார்பன் டை ஆக்சைடில் அடையாளக் கார்பன் இருந்தது. மூன்று உறுப்புகளிலிருந்தும் வந்தது. தாளின் மேல் வளர்ந்திருந்த பூசண இழைகளையும் ஒற்றைச் செல் உயிர்களையும் நுட்பமான கருவியில் வைத்துப் பார்த்தபோது அவற்றின் உடலிலும் அதே கார்பன் காணப்பட்டது. பிளாஸ்டிக் உதிரவில்லை, உணவாகியிருந்தது. வயிற்றுக்குள் போன சோற்றைத் தொடர்ந்து சென்று பார்த்த மாதிரி.

இதை அடிப்படையாக வைத்தே விதிகளும் அமைந்திருக்கின்றன. மண்ணில் மக்கும் விரிப்புகளுக்கென ஐரோப்பாவில் 2018இல் வந்த ஈ.என். 17033 என்ற தர நிர்ணயம், இரண்டு ஆண்டுகளுக்குள் விரிப்பின் கார்பனில் குறைந்தது 90 சதவிகிதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும் என்கிறது. சோதனை நடப்பது 25 டிகிரி வெப்பமுள்ள மண்ணில். மண்புழுவுக்கும் செடிக்கும் நஞ்சாகக் கூடாது என்பதற்கும் சோதனைகள் உண்டு. ‘நூறு சதவிகிதம் என்று ஏன் கேட்கவில்லை?’ என்று நீங்கள் வினவலாம். கார்பனில் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகத் தங்கிவிடுகிறது அல்லவா? அதற்கு விட்ட இடம் அது. இந்தியாவிலும் 2024இல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் பிளாஸ்டிக் என்பது நுண்பிளாஸ்டிக் துகள்களை மிச்சம் வைக்காமல் சிதைய வேண்டும் என்று வரையறுத்துள்ளன.

பெயரில் உள்ள குழப்பங்கள்

செடியிலிருந்து செய்த பிளாஸ்டிக் மக்கும், பெட்ரோலியத்திலிருந்து செய்தது மக்காது என்று பலரும் எண்ணுகின்றனர். இது தவறு. பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே செய்யப்படுகிறது, மண்ணில் மக்குகிறது. பி.எல்.ஏ. மக்காச்சோள மாவிலிருந்து செய்யப்படுகிறது. ஆனால் சாதாரண மண்ணில் மிக மெதுவாகவே சிதைகிறது. காரணம், சுமார் 60 டிகிரிக்குக் கீழே அது கண்ணாடி போல் இறுகிய நிலையில் இருக்கும். பெரிய உரக்கிடங்கில் குவியலின் உட்புறம் ஏறக்குறைய அந்த அளவு கொதிப்பதால் அங்கே விரைவில் மக்கும். நம் நிலம் எவ்வளவு சுட்டாலும் வேர்ப்பகுதியில் அந்த வெப்பம் வராது. கரும்பிலிருந்து எடுத்த எரிசாராயத்தைக் கொண்டு பாலித்தீனே செய்கிறார்கள். அது கரும்பில் பிறந்தது என்பதற்காக மண் அதற்குச் சலுகை காட்டுவதில்லை. எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. எங்கே போகும் என்பது வேறொரு கேள்வி.

இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்த விளைவை அமெரிக்காவில் காணலாம். இயற்கை வேளாண்மையில் மக்கும் விரிப்பைப் பயன்படுத்தலாம் என்று 2014இல் அங்கே அனுமதித்தார்கள். ஆனால் அது முழுக்க முழுக்க உயிர்ப்பொருளிலிருந்தே செய்ததாக இருக்க வேண்டும் என்றும் விளக்கம் அளித்தார்கள். மக்கும் தாள்கள் இருந்தன. அந்த விளக்கத்துக்குள் அடங்கும் தாள் ஒன்றுகூடக் கடையில் இல்லை! அனுமதி ஏட்டில் இருக்க, விவசாயிகள் பாலித்தீனையே விரித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தனர்.

கடைகளில் தரப்படும் ‘மக்கும் பை’யில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.ஓ. 17088 என்ற எண்ணும் உரக்கிடங்கில் மக்குவதற்கான தரத்தையே குறிக்கிறது. வயல் மண்ணில் மக்கும் என்பதற்கு அது உறுதி ஆகாது. விரிப்பு விற்பவர் ஒரு சான்றைக் காட்டினால், அது மண்ணுக்கான சோதனையா, உரக்கிடங்குக்கான சோதனையா என்று கேளுங்கள்.

கையில் கிடைத்த தாளை நீங்களே முதற்கட்டமாகச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாலித்தீன் நீரைவிட இலேசானது. பி.பி.ஏ.டி., பி.எல்.ஏ. இரண்டின் அடர்த்தியும் சுமார் 1.25, நீரைவிடக் கனமானவை. தாளில் விரல்நுனி அளவு வெட்டி, சோப்பு நீரில் நன்றாகத் தேய்த்துக் காற்றுக்குமிழிகளை நீக்கி, ஒரு டம்ளர் நீருக்குள் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால், மக்கும் என்று சொல்லி விற்றவரைச் சந்தேகிக்கலாம். மூழ்கினால் மட்டும் நம்பிவிடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்தால் பாலித்தீனும் மூழ்கும்.

மக்கும் தாளிலும் குறைகள் இல்லாமல் இல்லை. விலை பாலித்தீனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. பிடுங்கும் கூலியும் அப்புறப்படுத்தும் தொல்லையும் மிச்சம் என்பதால் ஓரளவு ஈடாகும். முழுவதும் ஈடாகுமா என்பது பயிரையும் கூலியையும் பொறுத்தது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில், பாத்தியின் ஓரத்தில் புதைத்த பகுதி அறுவடைக்கு முன்பே இற்றுப்போய்க் காற்றில் தூக்கிக்கொள்ளலாம். மேலே வெயிலில் கிடக்கும் பகுதியோ உலர்ந்து கிடப்பதால் உழுது மண்ணுக்குள் போகும் வரை மக்கத் தொடங்குவதில்லை. மூன்று நான்கு மாதப் பயிருக்கு ஏற்றது. ஓராண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் ஏற்றதன்று. வாங்கி அடுத்த ஆண்டுக்கென்று கொட்டகையில் போட்டு வைக்கவும் கூடாது. அங்கேயே வலுவிழக்கத் தொடங்கிவிடும்.

நம் கையருகே உள்ளவை

சோதனையே தேவையில்லாத மூடாக்குப் பொருள்கள் நம்மிடம் ஏராளம். கரும்பு வெட்டியபின் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 10 டன் தோகை கிடக்கிறது. பல இடங்களில் அதற்குத் தீ வைத்துவிடுகிறார்கள். கரணை நட்ட ஒரு வாரத்துக்குள் பார்களின் மேல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குத் தோகையைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களை குறையும், இளங்குருத்துப் புழுவின் தாக்குதலும் குறையும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கரையான் தொல்லை உள்ள நிலங்களில் மட்டும் தோகையைப் பரப்ப வேண்டாம் என்றும் அதே பரிந்துரை எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையைப் பலர் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள், விடக் கூடாது.

தென்னைக்கு வெளியூரிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதே இல்லை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் நூறு உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கலாம். அல்லது காய்ந்த ஓலைகள் பதினைந்து போடலாம். அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம். நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து வைக்கும். பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரங்களில் மலை மலையாகக் குவிந்து கிடந்த பொருள் இது.

இங்கும் ஒரு வேதியியல் உண்டு. நுண்ணுயிர்கள் கார்பனை உண்ணும்போது அதனுடன் நைட்ரஜனும் வேண்டும். ஏறத்தாழ 24 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன். வைக்கோலில் இந்த விகிதம் சுமார் 60 முதல் 80 வரை. நார்க்கழிவில் 112. இவற்றை மண்ணோடு கலந்து உழுதுவிட்டால், நுண்ணுயிர்கள் குறைபடும் நைட்ரஜனை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். ‘வைக்கோல் போட்டேன், பயிர் வெளுத்துவிட்டது’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைப் பரப்பாமல் கலந்தவர்களாக இருப்பார்கள். மண்ணின் மேலேயே கிடந்தால், தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கில் மட்டுமே இந்த இழுபறி நடக்கும். வேருக்குப் பெரிய நட்டமில்லை. நார்க்கழிவைச் சிப்பிக் காளான் வித்தும் சிறிது யூரியாவும் சேர்த்து மக்க வைத்தால் விகிதம் 24க்கு இறங்கிவிடும். பிறகு அதை அச்சமின்றி மண்ணில் கலக்கலாம். கிளைரிசிடியா போன்ற பச்சிலைகளில் விகிதம் 20க்கும் கீழே. அவை மக்கும்போது நைட்ரஜனைக் கொடுக்கும். ஆனால் சில வாரங்களிலேயே கரைந்துவிடும் என்பதால் மறுபடியும் மறுபடியும் போட வேண்டும். கேரளத்தில் இஞ்சி பயிரிடுவோர் இவ்வாறுதான் பச்சிலையைத் தவணை முறையில் பரப்புகின்றனர்.

ஆக, கரும்புக்கும் தென்னைக்கும் வாழைக்கும் பழமரங்களுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பயிர்களே தமக்கான போர்வையைத் தந்துவிடுகின்றன. சிக்கல் காய்கறியில்தான். தக்காளியும் மிளகாயும் தம்மை மூடும் அளவுக்குச் சருகு தருவதில்லை. வைக்கோலோ மாட்டுத் தீவனம்; நல்ல விலைக்குப் போகிறது. அதைக் காய்கறித் தோட்டத்தில் பரப்பு என்றால் மாடு வைத்திருப்பவர் கேட்க மாட்டார். மண்ணில் மக்குவது மெய்ப்பிக்கப்பட்ட தாளுக்கு இங்கேதான் இடம் இருக்கிறது. அதன் விலை இறங்கும் வரை பாலித்தீனையே நம்பியிருப்பவர்கள், சற்றுத் தடித்த தாளாக வாங்கி, வெயிலில் நைந்துபோகும் முன்பே முழுசாகச் சுருட்டி எடுத்துவிடுவது நல்லது. கடைசிப் பறிப்பு முடிந்தபின் செடி காயட்டும் என்று ஒரு மாதம் விட்டுவைப்பதுதான் தாளைத் துண்டாக்குகிறது.

பள்ளி மாணவர்களாக இருந்தால் இதை ஒரு தொட்டியிலேயே சோதித்துப் பார்க்கலாம். தோட்ட மண் நிரப்பிய தொட்டியில் பருத்தித் துணி, செய்தித்தாள், பாலித்தீன் பை, ‘மக்கும்’ என்று அச்சிட்ட கடைப் பை ஆகியவற்றை உள்ளங்கை அளவில் வெட்டி, ஒவ்வொன்றையும் பழைய கொசுவலைத் துண்டில் தனித்தனியே மடித்து, ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். மாதம் ஒரு முறை எடுத்து, மெதுவாக மண்ணைக் கழுவி, ஓட்டை விழுந்திருக்கிறதா, தாள் மெலிந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வலைக்குள் துணுக்குகள் கிடந்தால் அவற்றை நீரில் போட்டு, மிதப்பவை எத்தனை, மூழ்குபவை எத்தனை என்றும் எண்ணுங்கள்.